பனிக்காட்டுக்குப் போகிறவரின் கால்

பனிக்காலத்திலும் சைக்கிளில் காட்டுக்குப் போகப்போவதாக என் கணவர் சொன்னபோது நான் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தேன். கத்தியைக் கீழே வைத்துவிட்டு, "உங்களுக்கென்ன விசரோ?" என்று கேட்டேன். அவர் சிரித்தார். எனக்குக் கோபம் வந்தால் அவருக்குச் சிரிப்பு வரும். அதைக் கண்டால் எனக்கு இன்னும் பற்றிக்கொண்டு வரும். இருபது வருடமாக எங்கள் குடும்பம் இப்படித்தான் நடக்கிறது.

இரண்டாயிரங்களின் நடுப்பகுதி அது. நோர்வேயில், வெஸ்ட்லி என்ற இடத்தில் ஐந்தாம் மாடியில் இருந்தோம். ரயில் பாதை அங்கே முடியும், கட்டடத்துக்குப் பின்னால் காடு தொடங்கும். அவருக்குச் சீனி வருத்தம், அதுதான் நீரிழிவு, வந்து எட்டு வருடமாகியிருந்தது. உடம்பை அசைக்கச் சொல்லி வைத்தியர் ஒவ்வொரு முறையும் சொல்லுவார். இவரும் ஒவ்வொரு முறையும் தலையாட்டிவிட்டு வந்து சோபாவில் சரிவார். அந்த வருடம் இலை துளிர்க்கிற நேரத்தில், அவரோடு பண்டகசாலையில் வேலை செய்கிற நோர்வேக்காரன் ஒருவன் தன்னுடைய பழைய மலைச் சைக்கிளை இவர் தலையில் கட்டிவிட்டான். கோடை முழுக்க இரண்டு பேரும் காட்டு வழியே ஏறி இறங்கினார்கள். சீனி இறங்கியது, வயிறும் இறங்கியது. நானும் வாயை மூடிக்கொண்டிருந்தேன். பனி விழுந்தால் சைக்கிள் நிலவறைக்குப் போய்விடும் என்று நினைத்திருந்தேன். அவரோ ஆணி பதித்த டயர் இரண்டைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்து நின்றார்.

விழுந்து கையை முறித்தால் கட்டுப் போடலாம். எனக்குப் பயம் அவருடைய காலைப் பற்றி.

நான் முதியோர் இல்லமொன்றில் வேலை செய்தேன். காலை ஏழரைக்குப் போனால் முதல் வேலையே கால் கழுவுவதுதான். விரல் இடுக்கெல்லாம் துடைத்து, களிம்பு பூசி, காலுறை போட்டுவிட வேண்டும். என் பொறுப்பில் இருந்தவர்களில் மூன்று பேருக்கு ஒரு கால்தான். மூன்று பேருமே சீனிக்காரர். அதில் ஒருவருக்கு வீட்டுச் செருப்பு உரசி வந்த கொப்புளம் ஒன்றில்தான் எல்லாம் தொடங்கியதாம். முதலில் ஒரு விரலை எடுத்தார்களாம், பிறகு பாதம், பிறகு முழங்காலுக்குக் கீழே எல்லாம். அந்தக் கதைகளை வீட்டுக்குக் கொண்டுவந்து சாப்பாட்டு மேசையில் வைத்து இவருக்குச் சொல்லுவேன். பயந்தாவது சோற்றைக் குறைக்கட்டும் என்பது என் எண்ணம். இவர் தலை நிமிராமல் குழைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருப்பார். காதில் விழவில்லை என்று நினைத்து இன்னொரு தடவை சொல்லுவேன்.

அப்படிப்பட்ட காலைப் பனிக்குள் அனுப்ப யாருக்கு மனம் வரும்? ஆனால் சொன்னால் கேட்கிற ஆளா அவர். சரி, போகத்தான் போகிறார் என்றால் நானே உடுத்தி அனுப்புகிறேன் என்று முடிவு செய்தேன்.

முதல் ஞாயிற்றுக்கிழமை எனக்குத் தெரிந்தபடி உடுத்தினேன். பருத்தி பெனியன், அதற்கு மேல் சேட்டு, அதற்கு மேல் இரண்டு சுவெட்டர், அதற்கு மேல் வேலைக்குப் போடுகிற பெரிய ஜாக்கெட். கீழே மூன்று காற்சட்டை. காதுக்குள் பஞ்சு வைத்து, மப்ளரைத் தலையோடு சுற்றி, அதற்கு மேல் ஹெல்மெட்டை வைத்தால் அது ஏறவில்லை. காதுக்குள்ளாலேதான் குளிர் ஏறும் என்பது நாங்கள் பால் குடிக்கும்போதே கேட்டு வளர்ந்தது. மனிதருக்குக் கையை மடக்க முடியவில்லை, கழுத்தைத் திருப்ப முடியவில்லை. கதவைத் திறந்ததும் அந்த நோர்வேக்காரன் இவரைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். பிறகு சப்பாத்தைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே வந்து, வாசல் நடையில் வைத்தே இவருடைய உடுப்பை ஒவ்வொன்றாகக் கழற்றத் தொடங்கினான். பெனியனைத் தொட்டுப் பார்த்துவிட்டு இவரிடம் தன் ஊர்ப் பேச்சில் வேகமாக ஏதோ சொன்னான், எனக்குப் பிடிபடவில்லை.

"என்னவாம்?" என்று கேட்டேன்.

"பருத்தி வேண்டாமாம். வேர்வையைக் குடிச்சு வைச்சிருந்து பிறகு ஆளை விறைக்கப் பண்ணுமாம். உடம்போடை ஒட்டினபடி கம்பளிதான் போடவேணுமாம்."

"மற்றச் சுவெட்டர்?"

"அதுவும் வேண்டாமாம். வெளிக்கிடேக்கை கொஞ்சம் குளிரோடைதான் வெளிக்கிட வேணுமாம். மிதிக்க மிதிக்கச் சூடு வருமாம்."

குளிரோடு வெளிக்கிட வேண்டுமாம். வீட்டைவிட்டு ஒருவரை அனுப்பும்போது வேண்டுமென்றே குளிர விட்டு அனுப்புகிற ஊரை நான் அன்றைக்குத்தான் கண்டேன். அவன் முன்னால் நின்று சிரித்துக்கொண்டே தமிழில் அவனை நன்றாகத் திட்டினேன். அவனும் சிரித்தான். நல்ல மனிதன், பாவம், அவனைப் பிழை சொல்ல ஒன்றுமில்லை.

மார்கழிக்குள் நான் எல்லாவற்றையும் படித்துவிட்டேன். உடுத்தி முடிக்க நாற்பது நிமிடம் பிடிக்கும். தோலோடு ஒட்டிய மெல்லிய கம்பளிச் சட்டையும் நீளக் காற்சட்டையும் முதலில். அதற்கு மேல், உட்காருமிடத்தில் மெத்தை வைத்துத் தைத்த சைக்கிள் காற்சட்டை, தோளில் பட்டியோடு. அதற்கு மேல் காற்றுப் புகாத மெல்லிய ஜாக்கெட். முதுகுப் பக்கம் நீளமாக இருக்க வேண்டும், குனியும்போது இடுப்பு தெரியக்கூடாது. ஹெல்மெட்டுக்குள் காதை மூடுகிற மெல்லிய தொப்பி. அந்தத் தொப்பிக்குள் நான் களவாகப் பஞ்சு வைப்பேன், அவரும் களவாக அதை லிப்டுக்குள் எடுத்துப் போடுவார். கையுறையில் விரல்கள் இரண்டு இரண்டாகச் சேர்ந்திருக்கும், ஒன்றையொன்று சூடாக்குமாம். தண்ணீர்ப் போத்தலைச் சைக்கிளில் வைத்தால் உறைந்துவிடும் என்பதால் அது ஜாக்கெட்டுக்குள். சீனி சடாரென்று இறங்கினால் வாயில் போட குளுக்கோஸ் வில்லை, அதுவும் உள்பைக்குள், கையுறையைக் கழற்றாமல் எடுக்கக்கூடிய இடத்தில்.

அவரே உடுத்தலாம்தான். எனக்குத்தான் கை சும்மா இருக்காது. ஒவ்வொரு கொளுவியையும் நான் இழுத்துப் பார்த்தால்தான் நெஞ்சு அடங்கும்.

சப்பாத்து வாங்க ஸ்ட்ரோம்மன் கடைத்தெருவுக்கு நானும் போனேன். கணுக்கால் வரை ஏறுகிற பனிச் சப்பாத்து. வழமையான அளவைவிட இரண்டு அளவு பெரிதாக வாங்கினோம். இறுக்கமான சப்பாத்துக்குள் மூன்று காலுறை போட்டால் இரத்தம் ஓடாது, விரல் செத்துவிடும் என்று நோர்வேக்காரன் சொல்லியிருந்தான். அதனால் தடித்த கம்பளிக் காலுறை ஒன்றே ஒன்று. குதிக்காலுக்குப் பின்னால் என் சுட்டுவிரல் நுழைகிறதா என்று ஒவ்வொரு ஞாயிறும் விட்டுப் பார்ப்பேன்.

இருந்தாலும் எனக்கு மனம் ஆறவில்லை. உடம்பு மிதிக்கச் சூடாகும், கால் எப்படிச் சூடாகும்? காற்றுக்குள் முதலில் போகிறது கால்தானே. காலாவது வீட்டிலிருந்து சூட்டோடு போகட்டும் என்று ஒரு வழி கண்டுபிடித்தேன். கல்லுப்பைத் தாச்சியில் வறுத்து, பழைய சாரத் துண்டில் பொட்டலமாகக் கட்டி, காலுறை போடுமுன் இரண்டு பாதத்துக்கும் நன்றாக ஒத்தடம் கொடுத்தேன். மூட்டு நோவுக்கும் பல்லு நோவுக்கும் எங்கள் வீடுகளில் கொடுக்கிற அதே உப்பு ஒத்தடம். கொடுத்த சூடு ஆறுமுன் காலுறையை இழுத்துவிட்டு, சப்பாத்தைப் பூட்டிவிடுவேன்.

"சுடுதோ?" என்று கேட்பேன்.

"இல்லை, இன்னும் கொஞ்சம் அழுத்தும்" என்பார்.

அழுத்துவேன். பாதம் சிவக்கும். இரத்தம் நன்றாக ஓடுகிறது என்று சந்தோஷப்படுவேன். என் கையும் சும்மா கை இல்லை, கொதிக்கிற சட்டியைப் பிடிதுணி இல்லாமல் இறக்குகிற கை.

ஒருநாள் நோர்வேக்காரன் கொஞ்சம் முந்தி வந்துவிட்டான். உப்பு வறுபடுகிற மணத்தைப் பிடித்துக்கொண்டு குசினிக்குள் எட்டிப் பார்த்தான். இவர் விளக்கம் சொன்னார். அவனுக்கு நல்லாய்ப் பிடித்துவிட்டது, தனக்கும் வேண்டுமாம். கதிரையில் உட்கார்ந்து காலுறையைக் கழற்றி நீட்டினான். இவருக்குக் கொடுத்துக்கொண்டிருந்த அதே பொட்டலத்தை அவன் பாதத்தில் வைத்தேன். கதிரையோடு துள்ளிப் பின்னால் போனான். பாதத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு ஊதினான். எங்களுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

"மெல்லிசுத் தோல்" என்றேன்.

"பனியிலை பிறந்தவன், சூடு தாங்குவானோ?" என்றார் இவர்.

எனக்கு முன்னால் இரண்டு கால் இருந்தது. ஒரே சூடு இரண்டிலும் பட்டது. ஒருவன் துள்ளினான், ஒருவர் துள்ளவில்லை. முதியோர் இல்லத்தில் கால் கழுவும் தண்ணீரில் வெப்பமானியை வைத்துப் பார்க்காமல் ஒருநாளும் நான் யாருடைய காலையும் இறக்கியதில்லை. அது வேலை. இது வீடு. வீட்டில் யார் வெப்பமானி வைத்து ஒத்தடம் கொடுக்கிறார்கள்?

தை மாதத்து ஞாயிறு அது. யன்னலில் தொங்கிய மானி பூச்சியத்துக்குக் கீழே பதினாறு காட்டியது. இன்றைக்கு வேண்டாம் என்று கெஞ்சினேன். பனி இறுகிக் கிடக்கிறது, இப்படி ஒரு நாள் கிடைக்காது என்றார். கீழே நோர்வேக்காரன் வந்து மணியை அடித்துக்கொண்டு நின்றான். நான் அவசரப்பட்டேன். உப்பை அளவுக்கு மிஞ்சி வறுத்துவிட்டேன், துணியையும் ஒற்றையாகத்தான் கட்டினேன். வலது காலில் வைத்து அழுத்தும்போது இவர் இருந்தபடியே எட்டி யன்னலால் கீழே நிற்பவனுக்குக் கை காட்டிக்கொண்டிருந்தார்.

"சுடுதோ?"

"இல்லையப்பா. கெதியாய்ப் போடும், அவன் நிக்கிறான்."

போட்டுவிட்டேன். சுட்டுவிரலை விட்டும் பார்த்தேன்.

பன்னிரண்டரைக்கு வரவேண்டிய ஆள். ஒன்றாகியும் வரவில்லை. கைத்தொலைபேசி காட்டுக்குள் வேலை செய்யவில்லை. பல்கனிக்குப் போவேன், வருவேன். சோற்றை அடுப்பில் வைத்தது மறந்து அடிப்பிடித்துவிட்டது. காட்டு வழியால் சறுக்கி வருகிற ஒவ்வொருவரையும் அவரோ என்று பார்த்தேன். வேலையிடத்தில் ஒற்றைக் காலோடு இருக்கிற அந்த மூன்று பேரின் முகமும் மாறி மாறி வந்தது. கடவுளே, கையை எடு, எதையாவது எடு, காலை விட்டுவிடு என்று வாய்விட்டுச் சொன்னேன். நினைத்துப் பார்க்க வெட்கமாக இருக்கிறது, ஆனால் சொன்னேன்.

இரண்டு மணிக்கு வந்தார். இமையெல்லாம் உறைபனி. முகம் முழுக்கச் சந்தோஷம்.

"ஏன் இவ்வளவு நேரம்?"

"அவனாலைதான். கால்விரல் விறைச்சுப்போச்சு எண்டு அழாக்குறை. நிண்டு நிண்டு காலை உதறிக்கொண்டு வந்தவன்."

"உங்களுக்குக் குளிரேல்லையோ?"

"எனக்கோ? எனக்குக் கால் குளிருறதே இல்லை" என்றார் பெருமையாக. "உம்மடை உப்புத்தான்."

அவரைக் கதிரையில் இருத்தி, சப்பாத்தைக் கழற்றினேன். வலது காலுறை வரவில்லை. மெதுவாக இழுத்தேன், சின்னவிரலுக்குக் கீழே எதிலோ ஒட்டியிருந்தது. அந்த இடம் ஈரமாக இருந்தது. உருகிய பனி என்று நினைத்து இன்னும் கொஞ்சம் இழுத்தேன். காலுறையோடு தோல் வந்தது.

சின்னவிரலுக்கு அடியிலிருந்து பாதத்தின் ஓரம் முழுக்கப் பச்சை இறைச்சி. அவர் மேசையில் கிடந்த விளம்பரத் தாளைப் பார்த்துக்கொண்டு, "என்ன செய்யுறீர், தேத்தண்ணி போடும்" என்றார். தோல் உரிந்து என் கையில் இருக்கிறது, மனிதர் தேத்தண்ணீர் கேட்கிறார். பிறகு குனிந்து பார்த்தார். அவர் முகத்தில் இருந்த சந்தோஷம் போன வேகத்தை நான் அதற்கு முன்னும் கண்டதில்லை, பின்னும் கண்டதில்லை.

நோர்வேக்காரனைக் கூப்பிட்டு, அவனுடைய காரில்தான் அவசர சிகிச்சைக்குப் போனோம். வழி முழுக்க வாய்க்கு வந்தபடி திட்டினேன். பனியைத் திட்டினேன், சைக்கிளைத் திட்டினேன், கார் ஓட்டுகிறவனையும் விடவில்லை. "குளிர் கடிச்சுப்போட்டுது, நான் சொன்னனான், அண்டைக்கே சொன்னனான்" என்று திரும்பத் திரும்பச் சொன்னேன்.

வைத்தியர் இளம் பெண். காயத்தின் ஓரத்தை நீண்ட நேரம் பார்த்தாள். இன்றைக்கு இந்தக் கால் எங்கே பட்டது என்று கேட்டாள். பனிக்காடு, பதினாறு பாகை, சைக்கிள் எல்லாவற்றையும் நான் முந்திக்கொண்டு சொன்னேன்.

"இது குளிரால் வந்ததில்லை. இது சூடுபட்ட புண்" என்றாள். "ஏதாவது சூடான பொருள் காலில் வைத்தீர்களா?"

முதலில் இவர் முகத்தைப் பார்த்தேன். பிறகு சொன்னேன். உப்பு, தாச்சி, துணி எல்லாம் சொன்னேன். ஒவ்வொரு ஞாயிறும் என்பதையும் சொன்னேன். அவள் என்னைக் குறை சொல்லவில்லை, எழுதிக்கொண்டாள். குறை சொல்லியிருந்தால் நானும் திருப்பி ஏதாவது கத்தியிருப்பேன், கொஞ்சம் ஆறியிருக்கும்.

அவள் இவரிடம் கேட்டாள்: "சுட்டது உங்களுக்குத் தெரியவில்லையா?"

இவர் நிலத்தைப் பார்த்தபடி நோர்வேஜிய மொழியில் மெதுவாகச் சொன்னார். ஒரு வருடத்துக்கு மேலாகப் பாதம் பஞ்சில் நடக்கிற மாதிரித்தான் இருக்கிறதாம். செருப்புக் கழன்று போனாலும் தெரியாதாம்.

மருந்து கட்ட ஆளை அனுப்புவதாகச் சொல்லிவிட்டு அவள் வெளியே போனதும் நான் அவரிடம் கேட்டேன்: "ஏன் எனக்குச் சொல்லேல்லை? நான் உங்களுக்கு ஆர்?"

"சொன்னால் நீர் சைக்கிளை வித்துப்போடுவீர்."

"வித்திருப்பன்தான். அதுக்காக?"

அவர் என் பக்கம் திரும்பினார். "நீர் ஒவ்வொரு நாளும் வேலையாலை வந்து அந்தக் கால் கதையைத்தானே கதைக்கிறனீர். எனக்கும் பயம் இருக்காதோ? சொல்லாமல் இருந்தால் இல்லை எண்டு நினைச்சன்."

நான் அவர் தோளில் அடித்தேன். பிறகு அதே தோளில் முகத்தை வைத்து அழுதேன். சோற்றைக் குறைக்கட்டும் என்று நான் சொன்ன கதைகள் அவர் வாயைத்தான் பூட்டியிருக்கின்றன.

பத்து நாள் கழித்து ஆஸ்பத்திரியில் பாதங்களைப் பார்க்கிற பிரிவுக்குக் கூப்பிட்டார்கள். அந்தப் பத்து நாளும் எனக்குச் சோறு இறங்கவில்லை. விரல் கறுக்கிறதா என்று காலையும் மாலையும் பார்த்தேன். கறுப்பு நூல் ஒன்று காலுறையிலிருந்து ஒட்டிக்கிடந்ததைக் கண்டு ஒருநாள் கத்திவிட்டேன். அங்கே ஒரு மூத்த வைத்தியர் கட்டை அவிழ்த்துப் பார்த்தார், படம் எடுத்துப் பார்த்தார். எலும்புக்குப் போகவில்லை, விரலை எடுக்கத் தேவையில்லை என்றார். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அவருடைய கையைப் பிடித்து எத்தனை தரம் நன்றி சொன்னேன் என்று தெரியாது. இவர் என்னைப் பார்த்துப் பழையபடி சிரிக்கக்கூடத் தொடங்கினார்.

வைத்தியர் போனதும் ஒரு தாதி வந்தாள். கையில் ஒரு சின்னப் பிடி, அதன் நுனியில் மீன் பிடிக்கிற நைலோன் மாதிரி ஒரு நூல் துண்டு. நூல் பாதத்தில் எங்கே பட்டாலும் "யா", அதாவது ஓம் என்று சொல்ல வேண்டும் என்றாள். பழைய தாளைப் புரட்டிப் பார்த்தாள். போன வருடம் குடும்ப வைத்தியரிடம் எல்லா இடத்திலும் சரியாகச் சொல்லியிருக்கிறாரே, எப்படி என்று கேட்டாள்.

"அரைக்கண்ணாலை பாத்துச் சொன்னனான்" என்று இவர் என்னிடம் தமிழில் சொன்னார்.

நான் மொழிபெயர்க்கவில்லை. ஆனால் தாதிக்குப் புரிந்துவிட்டது போல. ஒரு துவாயை எடுத்து அவர் கண்ணின் மேல் போட்டாள்.

முதலில் நல்ல காலில், குதிக்கு மேலே வைத்தாள். "யா" என்றார். பெருவிரலில் வைத்தாள். பேச்சில்லை. நடுப்பாதத்தில் வைத்தாள். நூல் நன்றாக வளைகிறது, நான் பார்த்துக்கொண்டு நிற்கிறேன். பேச்சில்லை. அவர் காத்துக்கொண்டிருந்தார், எப்போது தொடங்கப்போகிறாள் என்கிற மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு. சின்னவிரலுக்குக் கீழே வைத்தாள்.

"ஓம்" என்றேன் நான். சொல்ல வேண்டும் என்று நினைக்கவேயில்லை, வாயிலிருந்து வந்துவிட்டது.

துவாய்க்கு அடியிலிருந்து இவர் உடனே "யா" என்றார்.

தாதி நூலை எடுத்துவிட்டு என்னைப் பார்த்தாள். கோபமில்லாமல், கொஞ்சம் வெளியே இருங்கள் என்றாள். நான் வெளியே வந்து கதவைச் சாத்திவிட்டு, அதில் காதை வைத்துக்கொண்டு நின்றேன். அவள் ஒவ்வொரு இடமாகத் தொட்டுக்கொண்டிருந்திருப்பாள். உள்ளே இருந்து வெகுநேரம் ஒரு சத்தமும் வரவில்லை.